ஸ்பானிய மொழியின் உடனிகழ் இறந்தகாலம்

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவார்க்கு அதன் பெயர்ச்சொற்கள் பேரிடர் விளைப்பன அல்ல. அகராதியும் சிறிது நினைவாற்றலும் இருப்பின் அவை வசமாகிவிடும். கால் இடறும் இடம் வினைச்சொல்லே. ஏறத்தாழ 20 நாடுகளில் ஆட்சிமொழியாய் விளங்கும் ஸ்பானிய மொழியை நம் மாணாக்கருள் சிலர் இந்நாளில் ஆர்வத்தோடு பயின்று வருகின்றனர். அவருட் பலரும் நிகழ்காலத்தை ஒருவாறு கடந்துவிடுகின்றனர். இறந்தகாலத்தின் வாயிலை அடைந்ததும் மலைத்து நிற்கின்றனர். ஏனெனில், ஆண்டுத் தனிச்சொல்லாய் வழங்கும் இறந்தகாலம் ஒன்றன்று, இரண்டு. அவ்விரண்டனுள், ஐரோப்பிய இலக்கணிகள் 'முற்றுப்பெறாத இறந்தகாலம்' எனப் பெயரிட்ட வடிவைப் பற்றித் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் சில கூற விழைகின்றோம். எம் துணிபு இது: அவ்வடிவை ஆங்கிலத்தின் வழியே கற்பது சுற்றுவழி, நன்னூல் பயின்ற தமிழ் மாணவர்க்கு அதனினும் அணிய வழி ஒன்று சொந்த வீட்டிலேயே உண்டு.

முதற்கண் வடிவினைக் காண்போம். எச்சார் என்பது ஒரு வினை. இடுதல், போடுதல், எறிதல் என்னும் பொருள்களைத் தருவது. (நம் இலக்கணத்து எச்சத்திற்கும் இதற்கும் யாதோர் உறவும் இல்லை.) ஈற்றிலுள்ள 'ஆர்' என்பது நம் தொழிற்பெயர் விகுதியாகிய 'தல்' போன்றது. அதனைக் களைந்து எஞ்சிய பகுதியோடு விகுதிகளைக் கூட்டினால் ஆறு சொற்கள் பிறக்கும். தன்மை ஒருமைக்கு எச்சாப. முன்னிலை ஒருமைக்கு எச்சாபஸ். படர்க்கை ஒருமைக்கு மீண்டும் எச்சாப. தன்மைப் பன்மைக்கு எச்சாபமொஸ். முன்னிலைப் பன்மைக்கு எச்சாபைஸ். படர்க்கைப் பன்மைக்கு எச்சாபன். ஆறிடத்தும் ஒலியழுத்தம் 'சா' என்னும் அசைமேலதே. இடையில் நிற்கும் பகரத்தை நாம் 'கோபம்' என்னுஞ் சொல்லில் மெலித்து ஒலிப்பதுபோல, அதனினும் ஒருபடி மெலிதாக, இதழ்கள் முற்றும் பொருந்தாவண்ணம் ஒலித்தல் வேண்டும்.

'ஆர்' என முடியும் வினைகளின் செய்தி இவ்வளவே. 'ஏர்' என முடிவனவும் 'ஈர்' என முடிவனவும் தம்முள் வேற்றுமையின்றி 'ஈய' என்னும் விகுதியை ஏற்கும். கொமேர் என்பது உண்ணுதல். அது கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயைஸ், கொமீயன் என நடக்கும். திறத்தலாகிய அப்ரீர் என்பதும் அப்ரீய எனத் தொடங்கி அவ்வாறே செல்லும். இவ்விதிக்கு அடங்காத வினைகள் அம்மொழி முழுவதிலும் மூன்றே: 'ஆதல்' என்பது ஏர எனவும், 'செல்லுதல்' என்பது ஈப எனவும் திரியும், 'காணுதல்' என்பது தன் பழைய வடிவிலிருந்த எகரத்தை விடாது பற்றிக்கொண்டு நடக்கும். மற்றை இறந்தகாலத்திலோ விதிக்கு அடங்காது திரியும் வினைகள் மிகப் பல. நிகழ்காலத்தில் மாணவரை அலைக்கழிக்கும் வினைகளும் இவ்விடத்தே வந்ததும் பணிவுடையனவாகிவிடுகின்றன. ஆகவே வாய்பாட்டை மனப்பாடம் செய்தல் ஒருநாள் மாலைப்பொழுதிற்குள் முடியும் வேலை. அது முடிந்ததும் பாடம் முடிந்ததென்று எண்ணி ஏட்டை மூடிவிடுவோர் பலர். உண்மையில் பாடம் அப்பொழுதுதான் தொடங்குகிறது.

அதற்கு முன், வடிவின் வரலாற்றிலும் சுவையான செய்தி ஒன்றிரண்டு உள. இப்பகர விகுதி இலத்தீன் மொழியிலிருந்து வழிவழி வந்தது. ஏர், ஈர் ஈற்று வினைகளில் அந்தப் பகரம் தேய்ந்து மறைந்துவிட்டது. ஆர் ஈற்று வினைகளிலும் 'ஈப' என்பதிலும் மட்டும் நிலைத்தது. இடைக்காலத்து ஸ்பானியர் இதனை வகரத்திற்குரிய எழுத்தால் எழுதிவந்தனர். 1713இல் நிறுவப்பெற்ற ஸ்பானிய மொழிக்கழகத்தார் 18ஆம் நூற்றாண்டில் எழுத்து முறையை ஒழுங்குபடுத்தியபோது இலத்தீனை நோக்கிப் பகரத்தை மீட்டுத் தந்தனர். அண்டை மொழியாகிய போர்த்துக்கீசியமோ இன்றும் வகரத்தையே எழுதுகிறது. தன்மைப் பன்மையில் இலத்தீனார் ஒலியழுத்தத்தைப் பகரத்தின்மேல் வைத்தனர். ஸ்பானியர் அதனை ஓரசை முன்னே தள்ளி, ஆறு சொற்களையும் ஒரே தாளத்தில் நிறுத்தினர். இஃது எவரும் கூட்டம் கூட்டித் தீர்மானித்ததன்று. ஒழுங்கினை விரும்பும் நாவின் இயல்பு அது.

தன்மை ஒருமைக்கும் படர்க்கை ஒருமைக்கும் 'எச்சாப' என்னும் ஒரு சொல்லே பொதுவாய் நிற்றலைக் கண்டு சிலர் அதனைக் குறையென்பர். மதிப்புரை முன்னிலைக்கும், அதாவது நாம் 'தாங்கள்' என்பதற்கு நேரான சொல்லுக்கும், இவ்வடிவமே உரியது. இலத்தீனில் வேறுவேறாயிருந்த ஈற்று மெய்கள் தேய்ந்தமையால் நேர்ந்த கலப்பு இது. தமிழ் மாணவர் இதற்கு வியத்தல் வேண்டா. 'உண்டனன் யான்', 'உண்டனன் அவன்' என இரண்டும் நம் செய்யுள் வழக்கில் பொருந்துவன. 'அன்' என்னும் விகுதியை நன்னூலார் தன்மைக்கும் கொள்வர், படர்க்கைக்கும் கொள்வர். அன்றியும் 'செய்யும்' என்னும் முற்று அவன், அவள், அது, அவை என்னும் நான்கற்கும் பொதுவாய் நிற்பதை நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். அங்கெல்லாம் எழுவாயைக் கொண்டு ஐயம் அகற்றிக்கொள்ளும் நாம், ஸ்பானியத்தில் மட்டும் ஏன் அகற்றிக்கொள்ளலாகாது? அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியரோ 'எச்சாபைஸ்' என்பதை வழக்கில் விட்டொழித்து, முன்னிலைப் பன்மைக்கும் படர்க்கைப் பன்மை வடிவையே ஆளுகின்றனர். அவர்க்கு ஆறிடத்திற்கும் நான்கு வடிவங்களே போதுமாயிருக்கின்றன.

இனிப் பொருளுக்கு வருவோம். இதனை விளக்க நீண்ட சூத்திரம் வேண்டுவதில்லை. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்து ஏழை விதவையின் வரலாறு ஒன்றே போதும். காசியோதோரோ தெ ரெய்னா என்பார் 1569இல் வெளியிட்டு, சிப்ரியானோ தெ வலேரா என்பார் 1602இல் திருத்திய ஸ்பானிய வேதாகமத்தின் வழிவந்த பதிப்புகளில், அவ்விடத்தில் நம் எச்சார் என்னும் வினையே திரும்பத் திரும்ப வருகின்றது. மக்கள் காணிக்கைப் பெட்டியில் பணம் இட்டதற்கு எச்சாப. செல்வர் பலர் மிகுதியாய் இட்டதற்கு எச்சாபன். இயேசு அதனை நோக்கியிருந்ததற்கும் இதே காலவடிவம். அடுத்து விதவை வருகிறாள். அவள் இரண்டு காசு இட்டதற்குச் சொல் 'எச்சாப' அன்று, 'எச்சோ'. இது மற்றை இறந்தகாலம். செல்வர் வருவதும் இடுவதும் போவதும் எத்தனை முறை என்று எவரும் எண்ணவில்லை; அது தொடக்கமும் முடிவும் சுட்டப்படாது ஒழுகும் நிகழ்ச்சி. அவள் இட்டதோ ஒருமுறை; இட்டு முடிந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்ல ஸ்பானியத்திற்கு ஓர் அடையும் வேண்டியிருக்கவில்லை. விகுதி மாறிற்று, அவ்வளவே. கிரேக்க மூலத்திலும் செல்வர் இட்டதும் அவள் இட்டதும் இவ்வாறே இரு வேறு வடிவங்களால் கூறப்பட்டுள்ளன.

நம் சபைகளில் நெடுங்காலமாய் வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து நோக்கின், இயேசுவுக்குப் 'பார்த்துக்கொண்டிருந்தார்' என்று சரியாகவே வந்துள்ளது. ஆனால் செல்வருக்குப் 'போட்டார்கள்', விதவைக்குப் 'போட்டாள்'. பால் எண் விகுதியன்றிக் காலத்தில் வேற்றுமை இல்லை. தமிழில் அதற்கு வழியில்லை என்று ஒருவர் கூறுவாராயின் யாம் உடன்படோம். 'போட்டுக்கொண்டிருந்தார்கள்' என்றோ 'போட்டவண்ணம் இருந்தார்கள்' என்றோ கூற எளிதில் இயலும். முந்தைய வரியிலேயே அவ்வமைப்பு ஆளப்பட்டுள்ளது. அன்றியும் அவ்வதிகாரத்தின் இறுதி வசனத்தில் அம்மொழிபெயர்ப்பாளர் ஒரு நுட்பம் செய்துள்ளார். ஆண்டு மற்றவர்க்குப் 'போட்டார்கள்' என்றவர், அவளுக்குப் 'போட்டுவிட்டாள்' என்கிறார். 'விடு' என்னும் துணைவினையால் செயல் தீர்ந்தமை புலப்படுகிறது. அவளிடம் இருந்ததெல்லாம் என்பதற்கு ஸ்பானியத்தில் உள்ள சொல் 'தெனீய'. அதுவும் நாம் பேசும் காலவடிவே. இருந்தது, தொடர்ந்து இருந்தது. எச்சோ என்ற கணத்தில் ஒழிந்தது.

இக்காலத்திற்கு இடப்பெற்ற பெயரைப் பற்றியும் எமக்கு ஒரு முறையீடு உண்டு. அந்தோனியோ தெ நெப்ரிஹா 1492இல் சலமாங்காவில் வெளியிட்ட ஸ்பானிய இலக்கணத்தில் இதனை 'முடிவுறாத இறந்தகாலம்' என்றார். அப்பெயர் இலத்தீன் மரபினின்றும் வந்தது. இதனைத் தமிழில் 'முற்றா இறந்தகாலம்' என்று பெயர்த்தால் நம் மாணவர் தவறாது மயங்குவர். ஏனெனில் நமக்கு முற்று என்பது வினைமுற்று, முற்றாதது எச்சம். எச்சாப என்பதோ எழுவாயும் காலமும் தன்னுள் அடக்கிய நிறைந்த வினைமுற்று. அதனைக் கேட்போர் இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பதில்லை. காரகாசில் பிறந்து சிலி நாட்டில் வாழ்ந்த ஆந்த்ரேஸ் பெல்யோ என்னும் அறிஞர் 1847இல் அமெரிக்கர் பொருட்டு எழுதிய இலக்கணத்தில் வேறொரு பெயரைத் தந்தார். கடந்துபோன வேறொன்றனோடு உடனிருந்த நிகழ்ச்சியைக் கூறுவது என்னும் கருத்தில், 'உடன்' என்னும் முன்னொட்டை இறந்தகாலத்தின் பெயரோடு சேர்த்தார். மெக்சிகோ நாட்டுப் பள்ளிகளில் அப்பெயர் வழங்குகிறது. 2009இல் வெளிவந்த மொழிக்கழகத்தின் பேரிலக்கணமும் இரு பெயர்களையும் காட்டுகிறது. நமக்கோ மூன்றாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்று உடனிகழ்ச்சி. ஆகலின் 'உடனிகழ் இறந்தகாலம்' என்னும் பெயர் பழகிய சொல்லாய், பொருளும் பிறழாததாய் அமைகின்றது. இக்கட்டுரையின் தலைப்பில் அதனையே வைத்தோம்.

இப்பொழுது ஆங்கில வழியின் இடர்ப்பாட்டைப் பார்ப்போம். இந்நகரில் ஸ்பானியம் கற்பிக்கும் வகுப்பொன்றில் எம்மவர் சிலரோடு யாமும் சில திங்கள் அமர்ந்திருந்தோம். அங்கு இருந்தோர் அனைவரும் தமிழர், ஆசிரியரும் தமிழர். எனினும் பாடநூல் ஆங்கிலேயர்க்காக எழுதப்பெற்றது. 'வாஸ்' என்னும் துணைச்சொல்லோடு 'இங்' ஈறு வரின் இக்காலம். 'யூஸ்டு டு' வரின் இக்காலம் என்று அது விதித்தது. ஆனால் ஆங்கிலேயர் தம் இளமை வழக்கங்களைக் கூறும்போது எப்பொழுதும் அச்சொற்களைப் பெய்வதில்லை. 'ஸ்போக்', 'லிவ்டு' என்னும் ஒற்றை இறந்தகாலமே அவர்க்கு ஒருநாட் பேச்சுக்கும் ஆகும், ஓராயிரம் நாட் பேச்சுக்கும் ஆகும். 'ந்யூ' என்னும் வினைக்கோ அவ்விரு அடையாளமும் பெரும்பாலும் வருவதில்லை. அடையாளம் இல்லாத இடத்தில் மாணவர் என் செய்வர்? முதலில் தமிழில் எண்ணி, அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, ஆங்கிலம் கலந்துவிட்டதை மீளவும் ஸ்பானியத்தில் பிரிக்கின்றனர். பாலை நீரோடு கலந்து பின்னர் அன்னத்தைத் தேடுவது போன்றது இவ்வுழைப்பு.

தமிழின் நிலை வேறு. 'எங்கள் பாட்டனார் வைகறையில் எழுவார், வயலுக்குப் போவார், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார்' என்கிறோம். பாட்டனார் காலமாகி ஆண்டுகள் பல ஆயின. ஆயினும் எழுவார், போவார் என எதிர்கால இடைநிலையாகிய வகரம் வந்து நிற்கிறது. கேட்பவர் எவரும் அவர் நாளை எழுவார் என்று கொள்வதில்லை. கடந்த காலத்து வழக்கத்தைக் கூறத் தமிழ்மக்கள் இயல்பாய்க் கையாளும் முறை இது. 'பேசுவதுண்டு', 'பேசுவது வழக்கம்' என்பனவும் அதன் இனமே. பழைய இலக்கணிகளும் காலங்கடந்த இயற்கையைக் கூறும் 'செய்யும்' என்னும் சொல்லை உணர்ந்திருந்தனர்; 'மலை நிற்கும்' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. ஒரு கணத்தில் நடந்துகொண்டிருந்ததைக் கூறவோ 'பேசிக்கொண்டிருந்தார்' என்னும் அமைப்பு உண்டு. (ஸ்பானியர்க்கும் 'இரு' என்னும் வினையைத் துணையாய்க் கொண்ட இத்தகைய அமைப்பு உண்டு, அத்துணைவினைக்கும் உடனிகழ் இறந்தகாலம் வரும்.) நிலையினைக் கூற, 'அப்பொழுது எனக்கு அவரைத் தெரியும்', 'அப்பொழுது எனக்கு நீந்தத் தெரியாது' என்று காலங்காட்டாத சொல்லையே இறந்தகாலத்தில் ஆளுகின்றோம். ஆங்கிலத்தில் அடையாளமின்றி நின்ற அவ்விடத்தில்தான் தமிழ் தெளிவாய் அடையாளம் இடுகிறது! 'தெரியும்' என வருமிடத்து ஸ்பானியத்தில் ஸபீய. 'அன்றுதான் தெரிந்தது' என வருமிடத்து மற்றை வடிவாகிய ஸூபெ. பாடநூலில் பொருள் மாறும் வினைகள் எனத் தனியே பட்டியலிட்டு மனப்பாடம் செய்விக்கும் இதனை, தமிழ்ச் சிறுவர் ஒருவர் பட்டியலின்றியே உணர்வர்.

எனவே எம் முறை இது. ஸ்பானியத்தில் இறந்தகால வினையொன்றை எழுதுமுன், அதே கருத்தைக் கற்பனையின்றி வீட்டுத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். நாவில் 'பேசுவார்' என்றோ 'பேசிக்கொண்டிருந்தார்' என்றோ 'தெரியும்' என்றோ வருமாயின் பெரும்பாலும் உடனிகழ் இறந்தகாலம். 'பேசினார்' என்று வந்து, அவ்விடத்துப் 'பேசிவிட்டார்' என்று சொன்னாலும் பொருந்துமாயின் மற்றையது.

இவ்வுரைகல் எங்கும் பொய்யாது என்று யாம் கூறவில்லை. 'மூன்று மணிநேரம் பேசிக்கொண்டிருந்தார்' என்பது நமக்கு இயல்பான தொடர். ஸ்பானியரோ மூன்று மணிநேரம் என்னும் எல்லை கட்டப்பட்டவுடன் அதனை முடிந்த செயலாய் மதித்து 'அப்லோ' என்பர். உடனிகழ் வடிவாகிய 'அப்லாப' அவ்விடத்துப் பொதுவாகப் பொருந்தாது. 'இருந்தது' என்னும் நம் சொல் இரு வடிவிற்கும் பொதுவாய் நின்று எந்தக் குறிப்பும் தாராது. அன்றியும் ஸ்பானியச் சிறார் விளையாடும்போது 'நான் அரசன், நீ கள்வன்' என்று பாத்திரம் வகுத்துக்கொள்ளுதற்கு உடனிகழ் இறந்தகாலத்தையே ஆளுகின்றனர். கடைக்குச் செல்வோர் 'வேண்டும்' என்பதனைப் பணிவுபடக் கூறவும் அதுவே உதவுகின்றது. இவற்றிற்கெல்லாம் நம்மிடம் நேர்மாற்றம் இல்லை. ஸ்பானியர் வாயிலிருந்தே கேட்டறிதல் வேண்டும். இவ்விடங்களில் ஆங்கிலமும் நமக்குத் துணையாகாது என்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம்.

சிலர் நகைக்கலாம்: 'ஐரோப்பிய மொழிக்கு நன்னூலா?' என்று. அவர்க்கு விடை நம் கடற்கரையிலேயே உண்டு. நவார நாட்டிற் பிறந்த சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர்க்குப் பின் அங்குத் தொண்டாற்றிய போர்த்துக்கீசியராகிய அந்திரிக்கு அடிகளார் 16ஆம் நூற்றாண்டிலேயே தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். எழுதியது போர்த்துக்கீசிய மொழியில், பின்பற்றியது இலத்தீன் இலக்கண முறையை. இத்தாலியராகிய வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அதன் மொழியும் இலத்தீனே. அவர்கள் தாம் நன்கு அறிந்த இலக்கணத்தின்மீது நின்றுகொண்டு நம் மொழியை எட்டிப் பிடித்தனர். சிலவிடங்களில் இலத்தீன் வாய்பாடு தமிழுக்குப் பொருந்தாது பிதுங்கியதும் உண்டு. ஆயினும் அவர்கள் தமிழைக் கற்றார்கள். வீரமாமுனிவர் கற்ற அளவு நம்மவர் பலர்க்கும் எட்டாதது. அறிந்ததைக் கொண்டு அறியாததை அளத்தல் அவர்க்குத் தகுமாயின் நமக்கும் தகும். இரவல் கோலால் அளப்பதே தகாதது.

இப்பொழுது வேண்டுவது பெரிய நூல் அன்று. எச்சார், கொமேர், அப்ரீர் என்னும் மூன்று வினைகளின் பதினெட்டு வடிவங்களை ஒரு பக்கத்திலும், அவற்றிற்கு நேராகத் தமிழில் வரும் வழக்கு, நடப்பு, நிலை ஆகிய மூவகைத் தொடர்களை மறுபக்கத்திலும் எழுதி, அடியில் மூன்று மணிநேரப் பேச்சும் 'இருந்தது' என்பதும் போன்ற இடறுகற்களைக் குறித்த ஒரே தாள் போதும். தமிழ் வகுப்பினரும் ஸ்பானியம் பயிலும் நண்பரும் கூடி அமர்ந்தால் ஒரு சனிக்கிழமையில் அது முடியும். முன்னிலைப் பன்மையாகிய 'எச்சாபைஸ்' என்பதை அதில் சேர்ப்பதா, அமெரிக்க வழக்கை ஒட்டி விடுவதா என்பதில் மட்டும் எம்முள்ளேயே இருவேறு கருத்துண்டு.